பதினொரு நாள் காவல்

எட்டு வயதில் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. அம்மாவை எழும்ப விடாமல் பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்துவிட்டேன். கார்மென்ட்ஸில் நூல் வெட்டினேன், உப்புவெளியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் படுக்கை விரித்தேன், கடல் தாண்டிப் போய் ஆஸ்பத்திரி நிலம் துடைத்தேன். ஒன்றிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஒன்றையும் அந்த முதல் வேலையைப் போல மனம் வைத்துச் செய்ததுமில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருந்தால் அம்மா செத்துப்போயிருப்பார்.

அப்போது எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் சரிவு முடிகிற இடத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறையும் ஒரு குசினியும். அப்பா பலநாள் படகில் வேலை. போனால் இருபது இருபத்தைந்து நாளைக்குக் கரை காணமாட்டார். தம்பி பிறக்கும்போதும் அவர் கடலில்தான் இருந்தார். அம்மாவுக்குக் கடைசி இரண்டு மாதமும் பிரஷர் ஏறி, படுத்தே கிடந்து, கடைசியில் வயிற்றைக் கீறித்தான் தம்பியை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, போகலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் பெரியம்மா ஆயத்தமாக இருந்தார். அம்மாவின் மூத்த அக்கா. சாம்பல்தீவிலிருந்து ஒரு உரப்பை நிறைய மிளகு, மஞ்சள், உள்ளி, பிள்ளை பெற்றவளுக்கான காயச்சரக்கு, ஒரு போத்தல் நல்லெண்ணெய், காய்ந்த பால்சுறா மீன் எல்லாம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். வந்ததும் அறை யன்னலை இறுக்கிச் சாத்தினார். அம்மாவின் காதில் பஞ்சு வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வா. கொம்மா இனி முப்பத்தொரு நாளைக்குப் பாயை விட்டு எழும்பக் கூடாது. கக்கூசுக்கும் குளிப்புக்கும் நான் கூட்டிக்கொண்டு போவன். மற்ற நேரம் எழும்பினா உள்ளுடம்பு குளிர்ந்துபோம். தண்ணி கேட்டாலும் குடுக்காதை. பச்சைத்தண்ணி குடிச்சா வயிறு வைக்கும். நான் குசினியில நிக்கிற நேரம் நீதான் பொறுப்பு. விளங்குதோ?”

“அப்ப பள்ளிக்கூடம்?”

“பள்ளிக்கூடம் எங்கயும் ஓடாது.”

எனக்கு அதற்கு மேல் ஒரு சம்பளமும் தேவைப்படவில்லை. மூலையில் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அறை வாசலில் போட்டு ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் ஓடத்தான் செய்தது. அன்றைக்கு விட்டதை அதற்குப் பிறகு நான் சரியாகப் பிடிக்கவில்லை. அது வேறு கதை.

அம்மா நல்ல கைதி இல்லை. பெரியம்மா கிணற்றடிக்குப் போன சத்தம் கேட்டால் போதும், மெல்ல ஒரு கையை ஊன்றுவார்.

“ராசாத்தி, முதுகு விறைக்குது. கொஞ்சம் எழும்பி நிண்டிட்டுப் படுக்கிறன்.”

“பெரியம்மா! அம்மா எழும்புறா!”

என் குரல் ஒழுங்கை முழுதும் கேட்கும். பெரியம்மா ஈரக்கையோடு ஓடிவருவார். அம்மா சரிந்து படுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். மூன்று தரம் எழும்பப் பார்த்தார், மூன்று தரமும் நான் பிடித்தேன். தண்ணீருக்கும் அப்படித்தான். உறைப்பான பத்தியக்கறியும் சோறும் தின்றுவிட்டு அம்மா உதட்டை நக்கிக்கொண்டு, “ஒரு மிடறு தா பிள்ளை, பெரியம்மாக்குச் சொல்லாதை” என்று கெஞ்சுவார். நான் பெரியம்மாவின் குரலிலேயே, “ஏலாது. வயிறு வைக்கும்” என்பேன். நாளுக்கு இரண்டு தரம் பெரியம்மா கொடுக்கிற அரை டம்ளர் கொத்தமல்லித் தண்ணிதான் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் பூட்டிய அறைக்குள், வைகாசி மாதத்து வெக்கையில்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்து பிள்ளை பெற்றவர். ஐந்துக்கும் முப்பத்தொரு நாள் கிடந்து எழும்பியவர். “என்னைப் பார், குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்” என்பார். அது உண்மைதான். தன் வீட்டில் புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, எங்கள் குசினி நிலத்தில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு, தங்கச்சிக்காக நாள் முழுவதும் அரைத்தார், இடித்தார், அவித்தார். தனக்குத் தெரிந்த அன்பு முழுவதையும் செய்தார்.

வீட்டுக்கு வந்த ஏழாம் நாள் அம்மா, இடது கெண்டைக்கால் நோகிறது என்றார்.

“கிடந்த கால் எல்லே, வாதம் பிடிச்சிட்டுது” என்றார் பெரியம்மா. எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணிக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பதவி உயர்வு. போத்தலைப் பிடித்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்தது. பெரியம்மா பெலசாலி. மீன்பெட்டி தூக்கிய கை. பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மாவு பிசைவதுபோல் அழுத்தி அழுத்தி உருவினார். அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

“அக்கா, நோகுதக்கா. விடு.”

“நோகத்தான் செய்யும். இறங்கிற நோ இது.”

இறங்கவில்லை. எட்டாம் நாள் கணுக்காலுக்கு மேலே வீங்கியது. பத்தாம் நாள் தொடை வரைக்கும் வந்துவிட்டது. தோல் இழுபட்டு மினுங்கியது. தொட்டால் சுட்டது. பெரியம்மா காலையும் மாலையும் தேய்த்தார். நானும் காலையும் மாலையும் போத்தல் பிடித்தேன். எனக்கு அது வீக்கமாகப் படவேயில்லை. இவ்வளவு கறியும் சோறும் தின்று படுத்திருந்தால் கொழுக்கத்தானே வேண்டும். எங்கள் கவனிப்புக்கு ஒரு காலாவது கொழுத்ததே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

பதினோராம் நாள் மிஸ்ஸி வந்தார். பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற மருத்துவத்தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இவர் கிண்ணியாக்காரி. தலையில் முக்காடும் அதற்கு மேல் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டியில் வருவார். பிள்ளையைத் தூக்கி நிறுக்கிற தராசு பைக்குள் இருக்கும். அம்மா வீடு வந்த மறுநாளும் வந்து பார்த்துவிட்டுத்தான் போனவர். அப்போது காலில் ஒன்றுமில்லை.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பெரியம்மா ஒரு போர்வையை எடுத்து அம்மாவின் இடுப்புக்குக் கீழே மூடினார். அம்மாவிடம் குனிந்து, “காலைப் பற்றி ஒண்டும் கதைக்காதை. உடன ஒரு துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிடுவா. அங்க கொண்டுபோய்க் காத்தாடிக்குக் கீழதான் கிடத்துவாங்கள்” என்றார். அன்று காலையிலிருந்தே அம்மாவுக்குப் பேச்சுக் குறைவு. நான் ஒழுங்கைக்கு ஓடி மிஸ்ஸியின் பையை வாங்கிக்கொண்டு வந்தபடியால் இந்தக் கதை எனக்குத் தெரியாது. பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

மிஸ்ஸி தம்பியைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். தொப்புளைப் பார்த்தார். போர்வையைக் கொஞ்சம் இறக்கி அம்மாவின் வயிற்றுத் தையலைப் பார்த்தார். கொப்பியில் எழுதினார். எழுதிக்கொண்டே, “எழும்பி நடக்கிறீங்கதானே? தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“ஓம் ஓம். நடக்கிறா. நல்லாக் குடிக்கிறா” என்றார் பெரியம்மா.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. பதினொரு நாள். கதிரையை விட்டு இறங்காமல், விளையாடப் போகாமல், ஊருக்குள் திரிகிற மான் ஒழுங்கைக்கு வந்தபோதுகூட விரட்டப் போகாமல் காத்த காவல். அத்தனையும் ஒரே சொல்லில் இல்லையென்று ஆக்குகிறார். அதுவும் எனக்கு வேலை தந்த பெரியம்மா.

“பொய் மிஸ்ஸி!” என்றேன். “அம்மா நடக்கவே இல்லை. நான்தான் காவல். ஒரு நாளும் விடேல்ல. தண்ணியும் குடுக்கேல்ல. நல்லாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அம்மாட கால் எவ்வளவு கொழுத்துப் போச்செண்டு பாருங்கோ.”

மிஸ்ஸி எழுதுவதை நிறுத்தினார். “கால் கொழுத்திட்டா? எந்தக் கால்?”

“இடது கால். மற்றக் காலுக்கு இன்னும் வரேல்ல.”

பேனையை மூடாமலே கீழே வைத்துவிட்டுப் போர்வையைத் தூக்கினார். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் தலையை அளக்கிற நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தார். பிறகு மெதுவாக, ஒரு விரலால் மட்டும் தொட்டார். அம்மா துடித்தார்.

“எத்தின நாளா இப்பிடி இரிக்கி?”

“நாலு நாள்” என்றார் அம்மா.

“மூச்சு முட்டுதா? நெஞ்சு நோகுதா? இருமல்?”

“இல்லை.”

மிஸ்ஸி நாடாவைச் சுருட்டினார். பாயோரத்தில் இருந்த எண்ணெய்ப் போத்தலை அப்போதுதான் கண்டார். “இதை ஆரு தேச்ச?”

பெரியம்மா கையைச் சேலையில் துடைத்தார். துடைத்தும் கை மினுங்கிக்கொண்டிருந்தது.

“இனித் தொடக்கூடாது அக்கா. காலுக்குள்ள ரெத்தம் கட்டியாகிட்டுது. அந்தக் கட்டி கழண்டு நெஞ்சுக்குப் போனா முப்பத்தொண்டு பார்க்க ஆள் இரிக்காது. ஒரு ஓட்டோ புடிங்க. இப்பவே.”

“துடக்கோட வெளியில…” என்று பிள்ளை பெற்ற தீட்டைச் சொல்லத் தொடங்கிய பெரியம்மா, சொல்லி முடிக்காமல் நிலத்தில் குந்திவிட்டார். அவர் அப்படிக் குந்தி நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு ஓட்டோ வந்தது. அம்மாவை நடக்க விடாமல் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். என் கதிரை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்ஸியும் ஏறிக்கொண்டார். அவருடைய ஸ்கூட்டி அன்று மாலைவரை எங்கள் வாசலில் நின்றது. நான் அதற்குக் காவல் இருந்தேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நான் உண்மை சொன்னேன், அதற்காக அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள். பெரியம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கோபத்தில் என்று நினைத்தேன். இரவல் வாங்கியதுபோல் தன் இரண்டு கையையும் அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்த இரண்டு நாளும் அவர் தலைக்கும் எண்ணெய் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மாவின் கட்டில் சரியாகக் காத்தாடிக்குக் கீழேதான் இருந்தது. காதில் பஞ்சு இல்லை. இடது காலில் இறுக்கமான வெள்ளைக் காலுறை. வயிற்றில் ஊசி குத்திய நீலப் பொட்டுகள். ஸ்கேன் பண்ணிப் பார்த்து, தொடை இரத்தக் குழாய்க்குள் கட்டி இருக்கிறதென்று சொல்லி, இரத்தம் இளகுவதற்குக் காலையும் மாலையும் ஊசி போட்டார்களாம். எங்களைக் கண்டதும் அம்மா எழும்பி உட்கார்ந்தார். மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே, மடக்கு மடக்கென்று பாதிப் போத்தல் குடித்தார். பெரியம்மாவின் தொண்டையும் கூடச் சேர்ந்து ஏறி இறங்கியது.

“காணும்டி, போதும்” என்றார் பெரியம்மா கடைசியில்.

“டொக்டர் ரெண்டு போத்தல் குடிக்கட்டாம்.”

“ரெண்டு போத்தலையும் ஒரே மூச்சில குடிக்கச் சொன்னவரோ?”

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா அழுதார். அம்மா அவருடைய கையைப் பிடித்து, அந்த எண்ணெய் தேய்த்த கையைத்தான், தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் காத்தாடி எத்தனை தரம் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் அப்பா கரைக்கு வந்து, படகுத்துறையிலிருந்து நேரே மீன் மணத்தோடு வார்டுக்குள் வந்துவிட்டார். தாதிமார் மூக்கைப் பொத்தினார்களாம். மிஸ்ஸிக்கு ஒரு முழுச் சூரை மீன் போனது.

அம்மா வீட்டுக்கு வந்தபோது என் வேலை தலைகீழாகியிருந்தது. இனி அவரைப் படுக்க விடக்கூடாது. காலையும் பின்னேரமும் நடக்க வேண்டும், நடக்கிறாரா என்று நான் பார்க்க வேண்டும். முப்பத்தொன்றுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பெரியம்மா ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் காத்துக் கறுப்பு அண்டாதென்று பாக்குவெட்டியை எடுத்து அம்மாவின் இடுப்பில் செருகினார். கையில் ஒரு கொத்து வேப்பிலை கொடுத்தார்.

“நடக்கச் சொல்லித்தானே டொக்டர் சொன்னவர். இரும்பு கொண்டு போகாதை எண்டு சொல்லேல்லையே.”

ஆக, நாங்கள் ஊர்வலமாகப் போனோம். முன்னால் நான். நடுவில் வெள்ளைக் காலுறையும் பாக்குவெட்டியுமாக அம்மா. பின்னால் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியம்மா. ஒழுங்கை மூலை வீட்டுக்காரி படலையில் நின்று, “இதென்ன புதினம், துடக்கோட ரோட்டில?” என்று கேட்டார். எங்கள் பெரியம்மா நின்று திரும்பினார். “என்ர தங்கச்சி நடப்பாள். உனக்குக் கண் நோகுதெண்டா உள்ள போய்ப் படு” என்றார். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் நடையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஊசி முடிந்து குளிசை வந்தது. குளிசையை ஒரே நேரத்துக்குக் கொடுப்பதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதிப்பதும் பெரியம்மாவின் கையில். பத்தியக்கறி மிளகை எப்படி அளந்தாரோ அதே கண்டிப்பு.

நான் கடல் தாண்டி நிலம் துடைத்த ஆஸ்பத்திரியின் நடையில் ஒரு படம் தொங்கியது. வயிற்றோடு ஒரு பெண், பிள்ளையோடு ஒரு பெண், சிவப்பாக ஒரு கால். என்ன எழுதியிருக்கிறதென்று ஒரு மலையாளத் தாதியிடம் கேட்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பெற்று ஆறு கிழமை வரையும் இரத்தம் லேசில் கட்டிவிடும் என்றார். வயிற்றைக் கீறினால், அசையாமல் கிடந்தால், தண்ணீர் குறைந்தால் இன்னும் லேசாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காமல் ஓடிவர வேண்டுமாம். துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பதினொரு நாள் உத்தியோகத்தை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

ஆனால் எனக்கு விளங்காமல் போனது அது மட்டுமில்லை.

முப்பத்தொன்று முடிந்து பெரியம்மா பின்னால் வருவதை நிறுத்திய பிறகு, பின்னேரங்களில் நானும் அம்மாவும் தனியே நடந்தோம். உட்துறைமுக வீதி ஓரமாக, படகு கட்டுகிற இடம் வரைக்கும். எதிரே பெரிய கப்பல்கள் அசையாமல் நிற்கும். என் சிறுவயதில் அதைவிட நல்ல நாட்கள் எனக்கு ஞாபகமில்லை. அம்மா அதற்கு முன்பு என்னோடு அவ்வளவு கதைத்ததே கிடையாது. பெரிய ஆளோடு கதைப்பதுபோல் கதைப்பார். தம்பியின் கிளினிக் அட்டை எங்கே இருக்கிறது, நாலு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி, காய்ச்சலைப் புறங்கையால் எப்படிப் பார்ப்பது, அப்பா கோபமாக வந்தால் அரை மணித்தியாலம் விட்டுவிட்டுத்தான் கதை கொடுக்க வேண்டும், ஏதும் அவசரமென்றால் வேறு ஒருவரிடமும் போகாமல் நேரே பெரியம்மாவிடம் போக வேண்டும். சொல்லிவிட்டு, “எங்க, திருப்பிச் சொல்லு பாப்பம்” என்பார். நான் ஒப்புவிப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றையும் அப்படிப் பாடமாக்கியதில்லை.

ஒரு பின்னேரம் பிழையில்லாமல் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா நின்று, மிஸ்ஸி நாடா சுற்றிய இடது காலைக் குனிந்து பார்த்தார்.

“அம்மா இல்லாட்டித் தம்பிக்கு ஆர் சோறு தீத்துறது?”

அது பாடத்தில் இல்லாத கேள்வி. “ஏன், எங்க போகப் போறீங்கள்?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்லை. சும்மா கேட்டனான்.”

“போறதெண்டா என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

அம்மா சிரித்தார். “இல்லை பிள்ளை, நீ தம்பியோட நில்லு” என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ என்னை விட்டுவிட்டுப் பயணம் போக அம்மா திட்டம் போடுகிறார், அதுதான் வீட்டுப் பொறுப்பையெல்லாம் இப்போதே என் தலையில் கட்டுகிறார் என்று நினைத்தேன். வரும் வழி முழுக்க அவரோடு கதைக்கவில்லை. எங்கள் வீட்டில் பயணப் பை ஒன்றுதான். அலுமாரிக்கு மேலே இருக்கும். பல நாட்கள் காலையில் எழும்பியதும் முதலில் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பேன். பை இருந்த இடத்தில் இருக்கும். குசினிக்குள் அம்மா தம்பிக்குப் பாட்டுப் படித்துக்கொண்டிருப்பது கேட்கும். சரி, இன்றைக்கும் போகவில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.